மைக்குல உன் பேரைக் கூப்பிட்ட சாயங்காலம்

சந்தியா கண்ணு,

ஞாயித்துக்கிழமை போன்ல சொன்னதைத் திருப்பி வாங்கிக்கறதுக்குத்தான் இதை எழுதறேன். நீ என்ன சொன்ன? ஹாஸ்டல் புள்ளைங்க எல்லாரும் சேர்ந்து பெங்களூருக்குப் பாட்டு கேக்கப் போறாங்க, பெரிய மைதானத்துல காலைல ஆரம்பிச்சு பொழுது சாயற வரைக்கும் நடக்குதாம், உனக்கும் டிக்கெட் எடுத்துட்டாங்கன்னு சொன்ன. சொல்லும்போது குரல்ல ஒரு துள்ளல் இருந்துச்சு. அப்புறம் குரல் இறங்கிப்போச்சு. "ஆனா அன்னிக்குத்தாம்மா எனக்கு டேட் வருது. வெட்டவெளி. பாத்ரூம் எப்படி இருக்குமோ. டிக்கெட்டை வேற யாருக்காச்சும் குடுத்துடலாமான்னு பாக்கறேன்" அப்படின்ன. அந்தப் பக்கம் ஃபேன் சுத்தற சத்தம் மட்டும் கேட்டுச்சு. நான் என்ன சொல்லப்போறேன்னு நீ காத்துகிட்டு இருந்திருக்கற, அது எனக்கு இப்பத்தான் புரியுது. நான் களி கிண்டிகிட்டே, "ஆமா கண்ணு, எதுக்கு வம்பு, குடுத்துடு" அப்படின்னுட்டேன். நீயும் "சரிம்மா"ன்னு வெச்சிட்ட.

களியை இறக்கி வெச்சேன். சாப்பிடப் பிடிக்கல. நீ சொன்ன அந்த "சரிம்மா" இருக்குதே, அதை நான் முன்னாடியே ஒரு தடவை கேட்டிருக்கேன். அதே மாதிரி, சத்தமே இல்லாம. உனக்கும் எப்பன்னு தெரியும். போன் பண்ணிச் சொல்லிடலாம்தான். எடுத்தேன், எடுத்து எடுத்து வெச்சேன். வாயைத் தொறந்தா அழுகை வருது. நான் அழுதா நீ எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சுடுவ. உங்கப்பா போனதுல இருந்து நமக்குள்ள போன்ல அதுவே பொழப்பாப் போச்சு, சொல்ல வேண்டியது எதுவும் சொல்லி முடியறதில்ல. அதான் எழுதறேன். அஞ்சாவதோட நிறுத்தினவ எழுத்து, கோணல்மாணலா இருக்கும், பாத்துப் படிச்சுக்க. மேலத்தெரு ரேவதி லீவு முடிஞ்சு நாளைக்கு உங்க ஹாஸ்டலுக்குத்தான் வர்றா. அவகிட்ட குடுத்தனுப்பறேன். நீங்க போறது அடுத்த ஞாயிறுன்னு சொன்னியே, அதுக்குள்ள கையில கிடைச்சுடும்.

உங்கப்பாவுக்கு ரேடியோ செட்டுதான் எல்லாம். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, பக்கத்து ஊரு மாதாகோயில் தேரு, எதுன்னாலும் அவரு வேப்பமரத்துல ஏறி ஸ்பீக்கர் குழாயைக் கட்டினாத்தான் அங்க விசேசம்னு நாலு ஊருக்குத் தெரியும். ஆனா அவரு வாயால அந்த மைக்குல பேசினது கிடையாது. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்", அவ்வளவுதான். அதுக்கே வெக்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்குவாரு. நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப உன்னைத் தூக்கி பெட்டி மேல உக்கார வெச்சு, "பாடு பாப்பா, செட்டு எப்படி எடுக்குதுன்னு பாக்கலாம்" அப்படிம்பாரு. நீ பாடுவ. அவரு அந்தக் கோடிக்கு ஓடிப்போய் நின்னு கேட்டுட்டு, கையைத் தூக்கி ஆட்டுவாரு. செட்டு நல்லா எடுக்குதுன்னு அர்த்தமா, நீ நல்லாப் பாடறன்னு அர்த்தமா, யாருக்குத் தெரியும். எங்க குழாய் கட்டினாலும் நீயும் வண்டியில ஏறிக்குவ.

நீ பெரிய மனுசி ஆனதும் அதை நிறுத்தினது நான்தான். வயசுப் புள்ள ஆம்பளைங்க நடுவுல ஒயரைப் புடிச்சுகிட்டு என்ன வேலைன்னேன். அது ஒரு காரணம். இன்னொண்ணு, எப்ப தூரமாவன்னு சொல்ல முடியாது, கோயில் வேலைக்குப் போற வண்டி, எதுக்கு வம்புன்னு நெனச்சேன். பாரு, இந்த எதுக்கு வம்புங்கற பேச்சு எத்தனை வருசமா என் வாயில இருக்குதுன்னு. நல்லம்பள்ளி மெடிக்கல்ல பேடு வாங்கினா கருப்புக் கவருல சுத்திக் குடுப்பான், அதை நான் முந்தானைக்குள்ள வெச்சு எடுத்துட்டு வருவேன். உங்கப்பா கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு அரிசிப் பானைக்குப் பின்னாடி வெப்பேன். அவருக்குத் தெரியாமலா இருந்துச்சு? பானையை நகர்த்தி அரிசி அள்ளிப் போடறதே அவருதான். அவரு ஒண்ணும் சொன்னதில்ல. அந்த மறைப்பு அத்தனையும் எனக்கும் உனக்கும் மட்டும்தான் பாரமா இருந்திருக்குது.

அந்தத் திருவிழா சாயங்காலத்தைப் பத்தி நாம ரெண்டு பேரும் இதுவரைக்கும் பேசினதே இல்ல. நீ பன்னெண்டாவது பரிச்சை எழுதி முடிச்சிருந்த வருசம். சாமிக்குக் காப்பு கட்டியாச்சுன்னா, தூரமான பொண்ணு கோயில் தெருவை மிதிக்கக் கூடாது, அது நம்ம ஊரு வழக்கம். பாதிப் பொண்ணுங்களை வெளியூரு அத்தை வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. உனக்கு அன்னிக்குக் காலைலதான் வந்துச்சு, அனுப்பறதுக்கு நேரமில்ல. பின்வாசல்ல முருங்கை மரத்துக்கிட்ட பாய் போட்டு உக்கார வெச்சேன். மத்தியானம் போல உங்கப்பா மூஞ்செல்லாம் சிரிப்பா வந்தாரு.

"ஏ புள்ள, ஒரு சேதி. ஆர்கெஸ்ட்ராக்காருகிட்ட பேசிட்டேன். நம்ம பாப்பாவுக்கு ஒரு பாட்டு குடுக்கறேன்னுட்டாரு."

"யாரைக் கேட்டுட்டுப் பேசினீங்க? அவ காலைல இருந்து வூட்டுக்குத் தூரம்."

அவரு சிரிப்பு கொஞ்சம் கொறஞ்சுது. செத்த நேரம் தலையைச் சொறிஞ்சாரு. "மைக்குக்கு அதெல்லாம் தெரியுமா புள்ள? அது குரலைத்தான் வாங்கும்."

"மைக்குக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும்."

"ஊருக்கு யாரு போயிச் சொல்றது? நீயா? நானா?"

"சாமிக்குத் தெரியாதா?"

"சாமி அந்நேரம் ஆர்கெஸ்ட்ரா கேட்டுகிட்டு இருக்கும். நம்ம பின்வாசலை வந்து எட்டிப் பாத்துகிட்டா இருக்கும்?"

நீ அங்க இருந்து சிரிச்சுட்ட. எனக்குக் கோவம் வந்துருச்சு. சாமி மேல பயம்னு இன்னிக்கு வரைக்கும் நீ நெனச்சுகிட்டு இருக்கலாம். அது கொஞ்சம்தான். ஊரு மேலதான் பயம். மேடையில ஒரு ஃபியூஸ் போனாலும், ஒரு தூறல் விழுந்தாலும், செட்டுக்காரன் வூட்டுத் தீட்டுதான்னு பேசுவாங்க. அடுத்த வருசம் வேற ஆளுக்குச் செட்டு போயிரும். ஊர்க்கவுண்டர் வூட்டம்மா கிட்ட நான் எப்படி மூஞ்சியைக் காட்டறது. இதையெல்லாம் உங்கப்பாகிட்டச் சொன்னேன். அவரு கேட்டுட்டு, "நீ யோசிச்சுச் சொல்லு, இன்னும் நேரம் இருக்குது"ன்னுட்டு சைக்கிளை எடுத்தாரு. நீ பாயில இருந்து எந்திரிச்சு, "அம்மா, நான் போகட்டுமா? மேடைக்குப் பின்னாடியே நிக்கறேன், கோயில் பக்கம் திரும்பவே மாட்டேன்" அப்படின்ன. நான் "வேண்டாம் கண்ணு"ன்னேன். "சரிம்மா"ன்ன.

விளக்கு வெச்ச நேரத்துக்கு ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிச்சுது. கோயில் நமக்கு ரெண்டு தெரு தள்ளி இருந்தாலும் உங்கப்பா கட்டின குழாய்தானே, பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி இருந்துச்சு. உனக்குத் தட்டுல கேசரி வெச்சுக் குடுத்தேன். நீ தின்னாம வெச்சுகிட்டு ஒவ்வொரு பாட்டுக்கும் உதட்டை மட்டும் அசைச்சுகிட்டு இருந்த. அப்பத்தான் அறிவிப்பாளரு குரல் வந்துச்சு. "அடுத்தபடியாக, நமது ஒலிபெருக்கி உரிமையாளரின் அன்பு மகள் செல்வி சந்தியா அவர்கள் ஒரு பாடலைப் பாடுவார். செல்வி சந்தியா மேடைக்கு வரவும்." நான் உன் தட்டுல இருந்து கண்ணை எடுக்கல. கொஞ்சம் விட்டு மறுபடியும், "சந்தியா, எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்." ஊரு முழுக்க, காடு முழுக்க உன் பேரு கேட்டுச்சு. நீ என்னைப் பாத்த. என்னைப் பாத்த, அவ்வளவுதான்.

உங்கப்பா போயி வேண்டாம்னு சொல்லி இருக்கலாம், பேரைக் கூப்பிடாம நிறுத்தி இருக்கலாம். ஏன் நிறுத்தலன்னு அப்ப எனக்கு எரிச்சல். மனுசன் வேணும்னே மானத்தை வாங்கறாருன்னு நெனச்சேன். இப்ப தனியா உக்காந்து நெனச்சுப் பாக்கறப்ப தெரியுது. யோசிச்சுச் சொல்லுன்னுட்டுப் போனாரே, நான் யோசிப்பேன்னு நம்பி இருக்காரு. கடைசி நிமிசத்துல உன் கையைப் புடிச்சு இழுத்துகிட்டு வருவேன்னு அந்தத் தெருவையே பாத்துகிட்டு நின்னிருக்காரு. யாரும் வரல. அப்புறம் குழாயில ஒரு கரகரப்பு. உங்கப்பா குரல். "என் பொண்ணுக்குத் தொண்டை கட்டிகிச்சுங்க. அடுத்த வருசம் பாடுமுங்க." மைக் டெஸ்டிங்கைத் தவிர அவரு மைக்குல பேசினது அது ஒண்ணுதான். அதுவும் என்னால சொன்ன பொய்.

இதைவிட இன்னொண்ணு இருக்குது, அதைத்தான் என்னால விழுங்க முடியல. மறுநாள் விடிஞ்சதும் உன்னை எழுப்பித் தக்காளி பொறுக்கக் கூட்டிகிட்டுப் போனேன். பாலக்கோடு மார்க்கெட்டுல விலை ஏறி இருந்த சமயம், காட்டுக்காரரு ஆளு கேட்டாரு. நீ வயித்தைப் புடிச்சுகிட்டே குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கின. கிரேடுப் பெட்டியைத் தலையில தூக்கி வெச்சு வரப்பு மேல நடந்த. நான் ஒண்ணும் யோசிக்கல. உனக்கு ரெண்டாவது நாளுங்கறதே மறந்துபோச்சு. முந்தின நாளு சாயங்காலம் ஒரு பாட்டு பாடறதுக்கு ஆகாத உடம்பு, மறுநாள் காலைல கிரேடு தூக்கறதுக்கு எப்படி ஆச்சு? நானும் அப்படித்தான் காலமெல்லாம் வேலை செஞ்சேன். தூரமா இருக்கறா, இன்னிக்கு நடவுக்கு வர வேண்டாம், கரும்பு வெட்ட வர வேண்டாம்னு ஒரு காட்டுக்காரரும் சொன்னதில்ல. அந்தத் தக்காளியைத்தானே ஊரே கொழம்பு வெச்சுத் தின்னுச்சு, கோயில் அன்னதானத்துக்கும் போச்சு. பாடுபடறதுக்குத் தீட்டில்ல, சந்தோசப்படறதுக்குத்தான் தீட்டு. இது எனக்கு ஏன் அன்னிக்கே தோணல?

அடுத்த வருசம்னு சொன்னாரே, அடுத்த வருசத் திருவிழாவுக்கு அவரு இல்ல. தை மாசம், ஒரு கல்யாண வூட்டுல பெட்டியை இறக்கிட்டு, நெஞ்சை என்னமோ பண்ணுதுன்னு உக்காந்தவரு, ஆஸ்பத்திரி போய்ச் சேரல. நீ மேடையில நின்னு பாடறதை அவரு கேக்கவே இல்ல. கேக்க விடாம பண்ணினது விதியும் இல்ல, சாமியும் இல்ல. அவரு ஆம்ப்ளிஃபயரைத் துணி போட்டு மூடி வெச்சிருக்கறேன். விலைக்குக் கேட்டு வர்றாங்க, குடுக்க மனசு வரல. துடைக்கறப்ப அந்தக் கரகரப்பு காதுல கேக்குது.

நான் மாறினது எதனாலன்னு நீ கேக்கலாம். நல்ல புத்தி தானா வரல கண்ணு. போன மாசம் பக்கத்து வூட்டு ராணி மகளுக்கு வளைகாப்பு. நானும் ராணியும் எப்படின்னு உனக்குத் தெரியும், ஒரே தட்டுல தின்னவங்க. காலைல இருந்து நான்தான் அஞ்சு வகை சோறும் ஆக்கினேன். சந்தனம் பூசற நேரத்துக்கு நானும் கையைத் தொடச்சுகிட்டு முன்னாடி போனேன். ராணி என் தோளைப் புடிச்சு, "அக்கா, நீ செத்த உள்ள உக்காந்துக்க, தப்பா எடுத்துக்காத" அப்படின்னா. மெதுவாத்தான் சொன்னா. அன்பாத்தான் சொன்னா. நானும் "சரி ராணி"ன்னுட்டு உள்ள போயி அடுப்புகிட்ட உக்காந்துகிட்டேன். வெளிய வளையல் சத்தமும் சிரிப்பும் கேக்குது. சோறு ஆக்கறதுக்கு ஆன கை, புள்ளைக்குச் சந்தனம் வெக்க ஆகல. அப்பத்தான் கண்ணு எனக்கு உறைச்சுது. பின்வாசல்ல தட்டை வெச்சுகிட்டு நீ உக்காந்திருந்த இடம் இதுதான்னு தெரிஞ்சுது. உன்னை உக்கார வெச்சவளும் அன்பாத்தான் உக்கார வெச்சா.

இத்தனையும் தெரிஞ்சும் ஞாயித்துக்கிழமை மறுபடியும் அதையே சொன்னேன் பாரு. பழகின வாய். அதனாலதான் சொல்றேன், நீ போயிட்டு வா. வெட்டவெளியில எப்படிச் சமாளிக்கறதுன்னு தயங்கின இல்ல, அதுக்கும் பதில் சொல்றேன். பாட்டுக் கூட்டத்தைப் பத்தி எனக்குத் தெரியாது. வெட்டவெளியைப் பத்தித் தெரியும். கதவில்லாத காட்டுலயும், தண்ணியில்லாத மார்க்கெட்டுலயும் அந்த நாளுங்களைக் கழிச்சவதான் நான்.

முதல்ல தண்ணி குடி. இதைத்தான் நான் உனக்குத் தலைகீழாச் சொல்லிக் குடுத்தேன். காட்டுக்குப் போறப்ப தண்ணி குடிக்காத, அப்புறம் எங்க ஒதுங்கறதுன்னு சொல்லுவேன் இல்ல? நானும் குடிக்க மாட்டேன். அப்படியே அடக்கி அடக்கி எனக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் ஏறி, தர்மபுரி பெரியாஸ்பத்திரியில படுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த டாக்டரம்மா என்னைத் திட்டினாங்க. வெயில்ல நாள் முழுக்க நிக்கறவ தண்ணி குடிக்கலன்னா மயக்கம் வரும், தலைவலி வரும், வயித்து வலியும் சேர்ந்து படுத்தும். குடி. போகணும்னா போ. கூட்டம் மொத்தமும் இடைவேளையிலதான் பாத்ரூமுக்கு ஓடும், நீ அதுக்கு முன்னாடியே, பாட்டு நடந்துகிட்டு இருக்கறப்பவே போயிட்டு வந்துடு. ஒரு பாட்டு போனாப் போகுது. உள்ள போனதும் எல்லா மேடையும் எங்க இருக்குதுன்னு பாக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் எங்க, கை கழுவற தண்ணி எங்கன்னு பாத்து வெச்சுக்க.

அன்னிக்குக் காலைல கிளம்பறப்பவே, வந்தாலும் வரலன்னாலும், பேடு வெச்சுகிட்டே கிளம்பு. வந்துருச்சுன்னா நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்திடு. நான் காலைல வெச்ச துணியோட பொழுதுக்கும் இருந்து, தொடையெல்லாம் புண்ணாகி நடக்க முடியாம நடந்தவ, அந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாம். நெறய எடுத்துக்க. மிஞ்சினா மிஞ்சட்டும், கூட இருக்கற எவளுக்காச்சும் ஆகும். காட்டன் ஜட்டி இன்னொண்ணு, பழைய பேப்பர், ஒரு கவரு. மாத்தினதைப் பேப்பர்ல சுத்திக் கவருல போட்டு குப்பைத்தொட்டியில போடு. அங்க நிறுத்தி வெக்கற பிளாஸ்டிக் ரூமு கக்கூஸ்ல போட்டுடாத, அடைச்சுக்கும், அதைக் கையை விட்டு எடுக்கறதும் ஒரு பொம்பளையாத்தான் இருப்பா. அங்க தண்ணி இருக்கும்னு நம்பாத, சோப்புப் பேப்பரும் ஈரத் துணி பாக்கெட்டும் வெச்சுக்க. மாத்தறதுக்கு முன்னாடியும் கை கழுவு, பின்னாடியும் கழுவு. பையை வாசல்ல சோதனை போடுவாங்கன்னு ரேவதி சொன்னா. பேடைப் பாத்துட்டு அந்த ஆளு ஒரு மாதிரி பாத்தான்னா நீயும் அவனை நல்லாப் பாரு. தலையைக் கீழ போடக் கூடாது, பேடை மறைக்கக் கூடாது. மறைச்சதெல்லாம் போதும்.

கருப்புப் பேன்ட் போட்டுக்க. என் ஊதாக்கலர் பருத்தித் துப்பட்டாவை ரேவதிகிட்டக் குடுத்திருக்கறேன். உக்காந்தா விரிச்சுக்க, வெயிலுக்குத் தலையில போட்டுக்க, கறை பட்டுட்டா இடுப்புல கட்டிக்க. பட்டாத்தான் என்ன? எனக்குப் பட்டிருக்குது. நடுமார்க்கெட்டுல, தக்காளி லாரி முன்னாடி. ஒரு கிழவன் பாத்துட்டான். நான் கூனிக்குறுகி வூட்டுக்கு ஓடி வந்து, நாலு நாள் அந்தப் பக்கமே போகல. அந்தக் கிழவன் அன்னிக்கே மறந்திருப்பான், நான் இன்னிக்கு வரைக்கும் மறக்கல. அப்படி எதையும் நெஞ்சுல வெச்சுக்காத. பட்டா தொடச்சுட்டு நில்லு, பாட்டைக் கேளு.

வெறும் வயித்துல போகாத. கடலை உருண்டை புடிச்சு வெச்சிருக்கறேன், உனக்கு மட்டும் இல்ல, எல்லா புள்ளைங்களுக்கும். வலி மாத்திரை போடற பழக்கம் இருந்தா சாப்பிட்டுட்டுப் போடு. ரொம்ப வலிச்சாலோ, எப்பவும் போல இல்லாம அதிகமாப் போனாலோ, கண்ணை இருட்டினாலோ, பல்லைக் கடிச்சுகிட்டு நிக்காத, அந்த மாதிரி எடத்துல ஆம்புலன்சும் நர்ஸும் நிக்கும், நேராப் போயிச் சொல்லு. கூட வர்றவங்கள்ல ஒருத்திகிட்டயாச்சும் காலைலயே சொல்லி வெச்சுடு. இதை மட்டும் தனியா சுமக்காத. ஆளு கிடைச்சா பாரம் பாதி.

இன்னொண்ணு. நாளைத் தள்ளிப்போட மாத்திரை போடலாமான்னு உனக்கு யோசனை ஓடியிருக்கும். நான் தீர்த்தமலைக்குப் போறதுக்காக ஒருக்கா மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போட்டேன். எந்த டாக்டரையும் கேக்கல. மலை ஏறறப்ப தலை கிறுகிறுன்னு சுத்துச்சு. வூட்டுக்கு வந்த அப்புறம், நின்னு போயிருந்ததெல்லாம் சேத்து வெச்சு அடிச்ச மாதிரி போச்சு. எல்லாருக்கும் அப்படி ஆகும்னு நான் சொல்லல. சில பேருக்கு ஒத்துக்கும், சில பேருக்கு ஆகாது, அதை டாக்டருதான் சொல்லணும், கடைக்காரன் இல்ல. ஒரு பாட்டுக் கச்சேரிக்காக உன் உடம்புகிட்ட எதுக்கு மன்னிப்பு கேக்கற மாதிரி மாத்திரை போடணும்? அது வர்ற நாளுல வரட்டும். நீயும் போற எடத்துக்குப் போ.

அங்க போயி பாட்டு கேக்கறப்ப அப்பா ஞாபகம் வரும். அழுகை வந்தா அழுதுடு, கூட்டத்துல யாருக்கும் தெரியாது. அவ்வளவு பெரிய செட்டைப் பாத்திருந்தா மனுசன் பாட்டையே கேட்டிருக்க மாட்டாரு, எந்த ஸ்பீக்கரு எந்தப் பக்கம் திருப்பி வெச்சிருக்காங்கன்னு வேலியைச் சுத்திச் சுத்திப் பாத்துகிட்டே இருந்திருப்பாரு. நீ அவருக்குப் பதிலாவும் பாத்துட்டு வா, எனக்கு வந்து சொல்லு. நான் என்ன கேக்கறதுன்னு தெரியாம கேப்பேன், நீ சிரிக்காம சொல்லணும்.

உனக்கு அந்த சாயங்காலத்தைத் திருப்பிக் குடுக்க என்னால ஆகாது. மன்னிச்சுடுன்னு எழுதினா நீ உடனே மன்னிச்சுடுவ, உன் கொணம் அது, அதனால அதைக் கேக்கல. மன்னிக்க வேண்டாம், போயிட்டு வா. அது போதும் எனக்கு.

இந்த நாலு நாளுக்குள்ள டிக்கெட்டை யாருக்காச்சும் குடுத்திருந்தீன்னா, அந்தப் பொண்ணுகிட்டத் திருப்பிக் கேளு. கேக்கக் கூச்சமாத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்து டூருக்கும், சிநேகிதி கல்யாணத்துக்கும், எல்லாத்துக்கும் "எங்கம்மா விடமாட்டாங்க"ன்னு சொல்லிச் சொல்லித்தான் நீ வளந்த. இந்த ஒரு தடவை அவகிட்டப் போயி, "எங்கம்மா போகச் சொல்லிட்டாங்க" அப்படின்னு சொல்லு.

அம்மா